பொட்டு வைத்த போன்

1

என் மகள் இனியாவின் பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்தில் அவளுக்குப் பதினோரு மாதம். கரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. தனியாக உட்கார வைத்தால் நொடியில் தவழ்ந்து கேமராவிடம் போய்விடுகிறாள் என்று, ஒரு வெள்ளை வேட்டியை என் தலைமேல் போர்த்தி, அவளை என் மடியில் வைத்து எடுத்தார்கள். உற்றுப் பார்த்தால் அவள் இடது தோளுக்குப் பின்னால் அந்த வெள்ளை கொஞ்சம் புடைத்திருக்கும். அது நான்தான்.

குழந்தைகளுக்கு ஐந்து வருடத்துக்குத்தான் பாஸ்போர்ட் தருகிறார்கள். அந்தப் புத்தகம் கைக்கு வந்த சில நாட்களில் நாங்கள் மலேசியாவுக்கு விமானம் ஏறிவிட்டோம். அதனால் நாங்கள் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது என்பதை எனக்குச் சொன்னது நாட்காட்டி அல்ல, என் கணவர் முரளியின் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம்.

முரளிக்கு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவு. நாங்கள் குடியிருப்பது கிள்ளானில், அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடியில். அவருக்கு வேலை அனுமதி. எனக்கும் இனியாவுக்கும் அவரைச் சார்ந்திருப்பவர்கள் என்ற அனுமதி. ரயில் எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு பெட்டி மாட்டியது மாதிரி. மூன்றையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மகளின் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துக் கொண்டுவாருங்கள் என்றது கடிதம். தேதி தாண்டினால்? நானும் இனியாவும் ஊருக்குப் போய், அங்கிருந்தபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிக் காத்திருக்க வேண்டும். எத்தனை மாதம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கும் மையத்தில் நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. அதை விட்டால் அடுத்து காலியாக இருந்த நாள், கடிதம் சொன்ன தேதிக்கு அப்பால்.

நான் சாதாரணமாகவே எதையும் மூன்று முறை சரிபார்ப்பவள். கதவைப் பூட்டிவிட்டு மின்தூக்கி வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். அப்படிப்பட்டவளின் போன்தான் வியாழக்கிழமை காலை சார்ஜ் ஏற மாட்டேன் என்றது. மையத்தில் காட்ட வேண்டிய உறுதிச் சீட்டு, நிரப்பிய விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அன்று அச்செடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

2

என் அப்பாவுக்குக் கரூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டார்களின் செம்புக் கம்பிச் சுருளை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருகிற வேலை. எங்கள் வீட்டில் தீபாவளியை விட ஆயுத பூஜைக்குத்தான் மரியாதை அதிகம். கடையைக் கழுவி, கம்பி சுற்றும் மெஷின், வைஸ், டிரில், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் வரிசை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். மோதிர விரலால் சந்தனத்தை ஒரு கோடாக இழுத்து, அதன் நடுவில் குங்குமம். அந்தக் கோடு என் கைக்குப் படிந்துபோன ஒன்று. இன்றும் சாமி படத்துக்கானாலும் சரி, குளிர்பதனப் பெட்டிக்கானாலும் சரி, என் விரல் அப்படித்தான் இழுக்கும்.

நானும் தம்பியும் கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைப்போம். மீட்டரின் கண்ணாடி முள்ளுக்கு மேலேயே ஒரு வருடம் வைத்திருக்கிறேன். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். விஜயதசமி காலை, எங்களுக்கு முன்னால் எழுந்து போய், தின்னர் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுவார். இடுக்குகளுக்குத் தீக்குச்சி. "வெக்கறது புள்ளைங்க வேலை, தொடைக்கறது என் வேலை" என்பார் அம்மாவிடம்.

இந்தப் புதன்கிழமை மாலை கிள்ளான் வீட்டில் எங்களிடம் இருந்த ஆயுதங்கள் இவை: முரளியின் ஸ்பானர் பெட்டி, மடிக்கணினி, சோறு ஆக்கும் குக்கர், மிக்ஸி, இனியாவின் வண்ணப் பென்சில்கள், கார்ச் சாவி, என் போன். இந்த வீட்டில் நான் அதிகம் புழங்கும் ஆயுதம் போன்தானே என்று அதையும் வைத்தேன். கடைசி நேரத்தில்தான் வைத்தேன். ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவாள் என்று கையிலேயே வைத்திருந்துவிட்டு, கற்பூரம் ஏற்றப் போகும்போது அவசரமாக மடிக்கணினியின் மேல் வைத்தேன்.

சந்தனம் வைப்பதை இனியாவிடம் கொடுத்திருந்தேன். மோதிர விரலால் வை என்றால் கேட்க மாட்டாள். பெருவிரலை முக்கி, முத்திரை குத்துவது போல ஒரே அழுத்து. குங்குமக் கிண்ணத்தை மட்டும் அவள் கையில் தரவில்லை. வாடகை வீடு, சுவரெல்லாம் வெள்ளை.

"அம்மா, குக்கருக்கு எங்க வெக்கறது? நெத்தி எங்க இருக்கு?"

"பட்டனுக்கு மேல வை."

"ரிமோட்டுக்கு?"

"ரிமோட் ஆயுதமா?"

"அப்பாவுக்கு ஆயுதம் லா!" இந்த ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலாக வரும் அந்த 'லா' அவளிடமும் ஒட்டிக்கொண்டது.

முரளி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் தன் போனில் ஒரு படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டார். பூஜை முடிந்த சூட்டோடு அம்மா கூப்பிட்டாள். மற்ற ஆயுதங்களுக்கு மறுநாள் வரை ஓய்வு. போனுக்கு மட்டும் ஓய்வில்லை. எடுத்துத் திரையையும் முதுகையும் முந்தானையில் துடைத்துவிட்டுப் பேசினேன். பேசி முடித்ததும் சார்ஜரைச் செருகினேன். சின்னதாக ஒரு நீர்த்துளிப் படமும், துளையில் ஈரம் இருக்கிறது, கம்பியைக் கழற்றுங்கள் என்று ஒரு வரியும் வந்தன. கழற்றிவிட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

3

காலையில் ஈரம் என்ற எச்சரிக்கை இல்லை. ஆனால் சார்ஜும் ஏறவில்லை. முப்பத்துநான்கு சதவீதம்.

முரளி ஆறரைக்கே கிளம்பிவிட்டார். இனியாவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் கம்பியை மாற்றினேன். பிறகு சார்ஜர் தலையை. பிறகு சுவரில் வேறு இடம். இங்கே ஒவ்வொரு செருகு துளைக்கும் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைப் போடாமல் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு போட்டுவிட்டு இன்னொரு பத்து நிமிடம் காத்திருந்தேன். போனை அணைத்து எழுப்பினேன். கம்பியைத் திருப்பிச் செருகினேன். முழுவதும் உள்ளே போகாமல் ஒரு மயிரிழை வெளியே நின்றது. அழுத்தினேன். அழுத்தியது தவறோ என்று எடுத்தேன். அழுத்தாதது தவறோ என்று மறுபடி அழுத்தினேன்.

பிறகு, சார்ஜ் ஏறாத போனைச் சரிசெய்வது எப்படி என்று தேடி, வரிசையாக ஐந்து காணொளிகள் பார்த்தேன். ஒருவர் பல்குச்சியால் குத்து என்றார். இன்னொருவர் குத்தினால் போச்சு என்றார். மூன்றாமவர் ஊது என்றார், நாலாமவர் வாயிலிருக்கும் ஈரம் உள்ளே போகும், ஊதாதே என்றார். இவ்வளவையும் நான் எதில் பார்த்தேன் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சார்ஜ் ஏறாத அந்தப் போனிலேயேதான். ஐந்தாவது காணொளி முடிந்தபோது ஒன்பது சதவீதம்.

அப்போதுதான் பயம் வந்து முரளியைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, போன் சார்ஜே ஏற மாட்டேங்குதுங்க. காலையில இருந்து வீடியோவா பாத்துப் பாத்து எல்லாம் செஞ்சுட்டேன்."

"எதுல பாத்தே?"

"போன்லதான்."

பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். அதற்கு நடுவில் அவர் சிரிப்பது கேட்டது. "கிணறு வத்துதான்னு பாக்க எறைச்சு எறைச்சுப் பாத்தாளாம். சரி, மொதல்ல அந்த அப்பாயின்ட்மென்ட் பேப்பரை எனக்கு..."

அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சலுக்குள் போகப் பார்த்தேன். இது நீங்கள்தானா என்று கேட்டது. ஆம் என்றேன். அப்படியானால் உங்கள் போனில் வரும் எண்ணைத் தட்டுங்கள் என்றது. நான் நான்தான் என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் மனம் எங்கெங்கோ போய்விட்டது. விமான நிலையத்தில் நானும் இனியாவும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முரளி. ஆண்டு முடிவில் பாலர் பள்ளி விழாவில் அவள் கிளி வேஷம் கட்டுவதாக இருந்தது. பச்சைத் துணியில் சிறகு தைத்து வைத்திருந்தேன். அந்தச் சிறகு அலமாரியிலேயே கிடக்கும் காட்சி வேறு வந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று போனை அரிசிப் பாத்திரத்தில் புதைத்தேன். அப்போது கறிவேப்பிலை கேட்டு வந்தார் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா. தாத்தா காலத்திலிருந்து கிள்ளான்காரர். திறந்த அரிசியைப் பார்த்தார், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தார்.

"என்னம்மா சுகந்தி, ஹேன்போனுக்குச் சோறு ஆக்கப் போறியா?"

சிரிக்க நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, இதுக்கா அழுவற? பசியாறிட்டியா மொதல்ல?" இங்கே காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்றுதான் பெயர். வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே பாதிக் கவலை இறங்குகிறது. "இங்க எங்கயும் குடுக்காத. ரெண்டு நாள் வெச்சுட்டுப் போம்பான். என் தம்பி குணா பிரிக்பீல்ட்ஸ்ல ஹேன்போன் கடை வெச்சிருக்கான்ல, நேரா அங்க போ. நான் சொல்லிடறேன்."

தன் போனிலிருந்து முரளிக்கும் பேசச் சொன்னார். பேசினேன். பன்னிரண்டு மணிக்கு இனியாவைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு அப்படியே ரயிலேறினேன்.

4

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். பூமாலைக் கடைகளில் விஜயதசமிக்குச் சாமந்தி குவிந்திருந்தது. குணாவின் கடை ஒரு துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் இடையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவு. அவருடைய பற்றவைக்கும் கருவிக்கும் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் பளிச்சென்று பொட்டு வைத்திருந்தது.

"லெட்சுமி அக்கா அனுப்பிச்ச அக்காவா? வாங்க, வாங்க. அழாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

நான் நடந்த முழுவதையும் சொல்ல ஆரம்பித்தேன். கம்பி மாற்றியது, ஸ்விட்ச், பல்குச்சி, அரிசி. அவர் பொறுமையாகத் தலையாட்டியபடி போனைத் தலைகீழாகப் பிடித்து விளக்கடியில் காட்டினார். ஒரு நொடிதான்.

"நேத்து வீட்டுல பூஜை பெருசா செஞ்சீங்களா அக்கா?"

"ஆமாங்கண்ணே. ஏன்?"

"பூஜை கேஸ் லா. இன்னிக்கு இது மூணாவது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "வருஷா வருஷம் இந்த நாள்ல வரும். காலையில ஒரு அங்கிள் வந்தாரு, ஸ்பீக்கர் ஓட்டையில பூரா விபூதி. பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்குச் சாமி வந்த மாதிரி கேக்குதாம். நல்லவேளை, கார் மாதிரி ஹேன்போனையும் எலுமிச்சம்பழம் மேல ஏத்தி எறக்கலை."

போனை அணைத்தபடியே வைத்துக்கொண்டு, மெல்லிய மரக்குச்சி ஒன்றைச் சீவி, ஏதோ ஒரு திரவத்தில் தொட்டு, துளைக்குள் விட்டுச் சுரண்டினார். கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். காய்ந்து இறுகிய சந்தனம். நான் செருகிச் செருகி அதை நன்றாக உள்ளே இடித்து வைத்திருந்தேன். ஒரு நெல்மணி அளவுக்கு ஒரு கட்டி வெளியே வந்து வெள்ளைக் காகிதத்தில் விழுந்தது. மஞ்சள், நடுவில் ஒரு சிவப்பு.

"பாருங்க, வாய் நெறையச் சந்தனம், குங்குமம், எல்லாம் சாப்பிட்டிருக்கு. பொட்டு வைங்கக்கா, வேணாம்னு சொல்லலை. நானே வெச்சிருக்கேன். ஓட்டையில வேணாம்."

நான் இனியாவைப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவள் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இனியா, போன்ல நீயா சந்தனம் வெச்சே?"

"இல்லம்மா."

"பின்ன யார் வெச்சா? சந்தனக் கிண்ணம் உன் கையிலதான இருந்துச்சு?"

"நான் போன்ல வெக்கல லா."

"லா போட்டுப் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? வெச்சா வெச்சேன்னு சொல்லு."

"பரவால்லக்கா, சின்னப் புள்ள," என்றார் குணா. "தெரியாம வெச்சிருக்கும். வெச்சியா, பாப்பா? அங்கிள் திட்ட மாட்டேன்."

"தாக் நாக்," என்றாள் இனியா. வேண்டாம் என்பதற்கு மலாய். அழுகை வரும்போது அவளுக்குத் தமிழ் போய்விடுகிறது. எது வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

போன் கம்பியை முழுவதுமாக விழுங்கிக்கொண்டது. திரையில் பேட்டரிப் படம் எழுந்தது. குணா கூலியே வாங்க மறுத்தார்; சாமி காரியம் என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். அங்கேயே இருபது நிமிடம் சார்ஜ் ஏற்றி, எதிர்க் கடையில் சீட்டையும் விண்ணப்பத்தையும் இரண்டிரண்டு பிரதி அச்செடுத்தேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது பிரதியும்.

5

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

திரும்பி வரும் ரயிலில் பயம் இறங்கியது, இறங்கிய இடத்தில் கோபம் ஏறிக்கொண்டது. வைத்ததுகூடப் பரவாயில்லை, வைக்கவில்லை என்று சாதிக்கிறாளே என்பதுதான் என்னை அரித்தது. பொய் எங்கிருந்து வந்தது? பாலர் பள்ளியிலா? நான் சரியாக வளர்க்கவில்லையா? அவள் தமிழ் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டில் காரம் வேண்டாம் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா பாட்டியிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதையும் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. இதையாவது நிறுத்த வேண்டும் என்று தோன்றியது.

"பொய் சொல்ற கையால இனிமே சாமிக்குப் பொட்டு வெக்க வேண்டாம்," என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கிள்ளான் வரும்வரை எடுக்கவில்லை. எதிரில் இருந்த சீனப் பாட்டி ஒரு மிட்டாயை நீட்டியபோதும் தலையைத்தான் ஆட்டினாள்.

மாலையில் விளக்கேற்றும்போது எங்கள் வீட்டில் மணி அடிப்பது இனியாதான். முரளி மணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னாச்சு பாப்பாவுக்கு?" என்று முரளி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க. தப்பு பண்ணிட்டு ஒத்துக்க மாட்டேங்கறா. அவளா வந்து சொல்லட்டும்."

மணியை அவரே அடித்தார். அவர் அடிப்பதில் தாளம் இல்லை.

6

வெள்ளிக்கிழமை பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்பதால் முரளி அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். பத்தரை மணிக்கு ஒன்பதேகாலுக்கே போய்ச் சேர்ந்தோம். என் போனில் நூறு சதவீதம். பையில் அது போதாதென்று ஒரு பவர் பேங்க், இரண்டு கம்பி.

எங்கள் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். காகிதங்களை அடுக்கினாள், பழைய பாஸ்போர்ட்டைத் திறந்தாள், வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையையும் எதிரில் நிற்கும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"ரொம்ப வளந்துட்டாங்க. சைன் பண்ணுவாங்களா?"

"பேர் எழுதுவா," என்றேன். "ஆனா எழுத்து பெருசு பெருசா வரும். கட்டத்தைத் தாண்டிடும். தாண்டினா மறுபடி ஃபார்ம் மாத்தணுமா? வேணும்னா சின்னதா எழுதிப் பழகச் சொல்லட்டுமா?"

"டென்ஷன் ஆவாதீங்க அக்கா. பெருவிரல் ரேகை போதும்." ஊதா மைப் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். "பாப்பா, கையக் குடுங்க."

இனியா கொடுக்கவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, இந்தக் கை ஓகேவா?"

அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. வலது கையா இடது கையா என்று கேட்கிறாள் என்று நினைத்திருப்பாள். முரளிக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் முதுகுத்தண்டு வரை புரிந்தது.

"ஓகேடா," என்றேன்.

அவள் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, கட்டத்துக்குள் அழுத்தினேன். எடுத்தபோது அந்தப் பெரிய வெள்ளைக் கட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு இருந்தது. துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வட்டமாக, தனியாக.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் வைத்தால் இப்படித்தான் இருக்கும். பெருவிரலை முக்கி ஒரே அழுத்து. குக்கரின் மேல் இருந்ததும், ரிமோட்டின் மேல் இருந்ததும் இதே அளவு, இதே வட்டம். சந்தனம் மட்டும். ஏனென்றால் குங்குமத்தை நான் அவளிடம் தரவே இல்லை. அப்படியானால் குணாவின் வெள்ளைக் காகிதத்தில் விழுந்த கட்டிக்கு நடுவில் சிவப்பு எப்படி வந்தது?

"அக்கா? அடுத்த பேப்பர்ல நீங்க சைன் போடணும்."

போட்டேன். எங்கே போட்டேன், எத்தனை இடத்தில் போட்டேன் என்று அன்றைக்கு நான் சரிபார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். எல்லாம் சரி, பாஸ்போர்ட் வந்ததும் செய்தி வரும், கடிதத்தில் இருக்கும் தேதிக்குள் கிடைத்துவிடும் என்று அவள் சொன்னது தூரத்தில் எங்கோ கேட்டது.

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்து போனைத் திறந்து, முரளி குடும்பக் குழுவில் போட்ட படத்தை எடுத்தேன். ஸ்பானர் பெட்டி, குக்கர், பென்சில்கள். மடிக்கணினியின் மேல் என் போன், கீழ் விளிம்பு கேமராவைப் பார்த்தபடி. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு இழுத்திருந்தது. நடுவில், துளையின் மேலேயே, ஒரு குங்குமப் பொட்டு. திரை அழுக்காகும், முதுகில் புது உறை என்று யோசித்து, அவசரத்தில் விளிம்பில் இழுத்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் விரல் நினைத்துச் செய்த காரியம் அல்ல அது. முப்பது வருடமாக அதுவாகவே இழுத்துக்கொண்டிருக்கிறது.

முரளி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது உன் கைவேலை மாதிரியில்ல இருக்கு?"

"ஆமாங்க."

"அப்ப நேத்து பாப்பாவை..."

"ஆமாங்க," என்றேன் மறுபடியும். அவர் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு, குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். அது அவருடைய நல்ல குணம்.

கரூர்க் கடையின் இடுக்குகளை எல்லாம் தீக்குச்சியால் சுரண்டிய அப்பா, ஒரு நாள்கூட இது யார் வைத்தது என்று கேட்டதில்லை. நாங்கள் வைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் துடைத்தார். நான் முந்தானையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, துடைக்காமல் விட்டதற்கும் பிள்ளையைப் பிடித்தேன். அவள் எங்கோ நழுவிப் போகிறாள் என்ற பயத்தில், அவள் என்னிடம் சொன்ன உண்மையைக்கூட நான் கேட்கவில்லை. அதை லா போட்டுச் சொன்னாள் என்பதைத்தான் கேட்டேன்.

இனியா பக்கத்தில் உட்கார்ந்து மை பட்ட பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனியாம்மா, போன்ல சந்தனம் வெச்சது நீ இல்ல. அம்மாதான். அம்மா மறந்துட்டு உன்னைத் திட்டிட்டேன். சாரிடா."

அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் லா," என்றாள். "நான்தான் அப்பவே சொன்னேன்ல."

"சொன்னே. அம்மா கேக்கலை."

"அப்ப அடுத்த வருஷம் நான் பொட்டு வெக்கலாமா?"

"நீதான் வெக்கணும். எல்லாத்துக்கும்."

"ரிமோட்டுக்கும்?"

"ரிமோட்டுக்கும். குங்குமம்கூட நீயே வை."

"சுவத்துல பட்டா?"

ஒரு நொடி வெள்ளைச் சுவர் கண் முன்னால் வந்துதான் போனது. "பட்டா அம்மா தொடைச்சுக்கறேன்," என்றேன்.

அவள் என் மடியிலிருந்த போனை எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பி, காய்ந்தும் காயாமலும் இருந்த பெருவிரலை வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதி, புது உறையின் நடுவில் அழுத்தினாள். முத்திரை குத்துவது போல, ஒரே அழுத்து.

"இதுதான் என் சைஸ்," என்றாள். "மறக்காதீங்க."

இதை எழுதும்போது போன் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. துளையை நாளுக்கு இரண்டு தரம் பார்க்கிறேன். உறையின் முதுகில் அந்த ஊதாப் பொட்டு விளிம்பில் லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது. துடைப்பது என் வேலைதான். இதை மட்டும் துடைக்கவில்லை.